ஒரு மாலைப் பொழுதில் ஒரு சர்வர்



குமணன்சாவடியிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வரும் வாசகர்களுக்கு இது தெரிந்த செய்திதான். 1964-ல் தொடங்கிய அந்தப் பேட்டையில் லேத் பட்டறைகளுக்கும் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கும் நடுவே இப்போது டேட்டா சென்டர்கள் எழும்பி நிற்கின்றன. என்.டி.டி. நிறுவனத்தின் வளாகம் அம்பத்தூரில் இருக்கிறது. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி மூன்றும் சேர்ந்து நடத்தும் டிஜிட்டல் கனெக்ஷன், தன் சென்னை மையத்தை 2024 ஜனவரியில் அங்கேதான் திறந்தது. நாம் கைப்பேசியில் தட்டும் எத்தனையோ வேலைகளுக்குப் பதில் சொல்லும் சர்வர்கள் நம் மேற்குப் புறநகரிலேயே இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதே மேற்குப் புறநகரிலிருந்து சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பூந்தமல்லிப் பக்கத்தில் ஒரு பள்ளியின் நூலகர். சில ஆயிரம் புத்தகங்கள், இரண்டு பீரோ நிறையப் பதிவேடுகள், தலைமையாசிரியர் அறையில் சும்மா கிடந்த ஒரு கணினி. கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்று படித்துவிட்டு, விடுமுறையில் உட்கார்ந்து அதை நிறுவ முயன்றிருக்கிறார். இணையத்தில் கிடைத்த குறிப்பை வரிக்கு வரி தட்டச்சு செய்திருக்கிறார். மூன்றாவது வரியிலேயே, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கணினி சொல்லிவிட்டது. வேறு குறிப்பைத் தேடினார். அது வேறொரு இடத்தில் நின்றது. கடைசியில் கணினியை மூடிவிட்டுப் பதிவேட்டுக்கே திரும்பிவிட்டார். "எனக்கு அறிவு போதவில்லை போலிருக்கிறது" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அம்மா, உங்கள் அறிவில் ஒரு குறையும் இல்லை. இந்த மாத ஆசிரியர் பக்கத்தை உங்களுக்காகவும், உங்களைப் போல் பாதியில் நின்றுபோன எல்லோருக்காகவும் எழுதுகிறேன். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளுக்கு விலை இல்லை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் நிறுவத் தெரிந்தவருக்குத்தான் அது இலவசம். தெரியாதவருக்கு அது கிடைக்காத பொருள்தான். இந்த இடைவெளியைக் குறைப்பது புதிதாக ஒரு மென்பொருள் எழுதுவதைவிட முக்கியமான வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோஹாவின் கதையையே எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற சிறிய வட்டாரத்தின் நூலக அறக்கட்டளைக்கு 1999-ல் ஒரு நெருக்கடி. அவர்கள் பயன்படுத்திய பழைய நூலக மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது. கடையில் கிடைத்த புதியவை அவர்கள் கைக்கு எட்டும் விலையில் இல்லை. கிளை நூலகங்களுக்கிடையே இருந்த தொலைபேசி இணைப்பின் வேகத்துக்கும் அவை ஒத்துவரவில்லை. கட்டிப்போ என்ற நிறுவனத்திடம் புதிதாக ஒன்றை எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது. எழுதியதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் கட்டற்ற உரிமத்தில் உலகத்துக்கே கொடுத்தார்கள். உலகின் முதல் கட்டற்ற நூலக மேலாண்மை மென்பொருள் இப்படித்தான் பிறந்தது. இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் புத்தகம் எடுக்கும்போது நீங்கள் பார்க்கும் திரை கோஹாவினுடையதுதான். ஒரு சின்ன ஊர் நூலகம் தன் தேவைக்குச் செய்துகொண்டது பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் போதுமானதாகிவிட்டது. ஆனால் பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளி நூலகருக்கு அது இன்னும் கைகூடவில்லை. ஏன்?

சர்வர் மென்பொருள் தனியாக ஓடாது. முதலில் லினக்ஸ் போன்ற ஓர் இயங்குதளம் வேண்டும். பிரவுசரிலிருந்து வரும் கேள்வியை வாங்கிப் பதில் அனுப்ப அப்பாச்சி போன்ற ஒரு வெப் சர்வர் வேண்டும். புத்தகப் பட்டியலையும் உறுப்பினர் விவரங்களையும் பத்திரமாக வைக்க மரியாடிபி போன்ற தரவுத்தளம் வேண்டும். மென்பொருள் எழுதப்பட்ட மொழியின் துணை நிரல்கள் வேண்டும். கோஹா பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. அதற்குத் தேவையான துணை நிரல்களை டஜன் கணக்கில் எண்ணலாம். லட்சம் புத்தகங்களிலும் நொடியில் தேடித் தர ஸீப்ரா என்ற தேடுபொறி வேண்டும். இவை ஒவ்வொன்றையும் எழுதியவர்கள் வேறு வேறு குழுவினர். ஒவ்வொன்றும் தன் போக்கில் புதுப் பதிப்பு வெளியிடும். எல்லாவற்றையும் பொருத்தமான பதிப்பில் சேர்த்து, ஒன்றையொன்று அறிமுகப்படுத்தி, ஒன்றுக்கொன்று கடவுச்சொல் கொடுத்து ஓடவைப்பதைத்தான் "இன்ஸ்டால் பண்ணுவது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கோஹாவின் ஆரம்ப நாட்களில் இது தேர்ந்த கணினி நிர்வாகிக்கே நாள் கணக்கில் பிடித்த வேலை.

2010-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு பெரிய விடிவு வந்தது. டெபியன் லினக்ஸுக்கான ஆயத்தத் தொகுப்பாகக் கோஹா கிடைக்கத் தொடங்கியது. இன்ன இன்ன நிரல்கள் இன்ன பதிப்பில் வேண்டும் என்ற பட்டியலைத் தொகுப்பே தன்னுள் வைத்திருக்கும். ஒரு கட்டளை கொடுத்தால் கணினியே எல்லாவற்றையும் இறக்கி, வரிசைப்படி நிறுவிக்கொள்ளும். பின்னால் புதுப் பதிப்பு வந்தாலும் அதே வழியில் புதுப்பித்துக்கொள்ளலாம். முகம் தெரியாத சிலர் உட்கார்ந்து இந்தத் தொகுப்பைக் கட்டியதால், உலகெங்கும் எத்தனையோ நூலகர்களுக்குப் பல நாள் அலைச்சல் மிச்சமானது. நிறுவலை எளிமையாக்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் நம் நூலகர் எங்கே தடுக்கி விழுந்தார்? அவர் அனுப்பிய கணினித் திரையின் படங்களை நம் குழுவில் லினக்ஸ் தெரிந்த தம்பியோடு உட்கார்ந்து பார்த்தேன். அவர் நின்ற இடங்களும், அவற்றைத் தாண்டியிருந்தால் அடுத்துக் காத்திருந்த தடங்கல்களும், ஒவ்வொன்றும் ஒரு பாடமாக இருந்தன.

முதல் தடங்கல், பழைய குறிப்பு. கோஹாவின் தொகுப்பை டெபியன் நம்ப வேண்டுமானால், அதை வெளியிட்டவர்களின் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியை முதலில் சேர்க்க வேண்டும். பல ஆண்டுகளாக இதற்கு "ஆப்ட்-கீ" என்ற கட்டளை இருந்தது. பாதுகாப்புக் காரணங்களால் அதைக் கைவிடும்படி டெபியன் நெடுநாள் எச்சரித்துவிட்டு, 2025-ல் வந்த 13-ஆம் பதிப்பில் எடுத்தேவிட்டது. இணையத்தில் கிடக்கும் பழைய குறிப்புகளோ இன்னும் அந்தக் கட்டளையைத்தான் சொல்கின்றன. குறிப்பில் தேதியும் இல்லை. எந்தப் பதிப்புக்கு எழுதியது என்ற விவரமும் இல்லை. மூன்றாவது வரியில் அவர் நின்றது இதனால்தான்.

இரண்டாவது, ஒரு கோப்பில் இருக்கும் மாதிரிப் பெயர். நூலகத்தின் இணைய முகவரி எப்படி முடிய வேண்டும் என்று எழுதும் இடத்தில் ஒரு பொய் முகவரியை மாதிரிக்கு வைத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்ததும் மாற்றுவார். தெரியாதவர், கணினி போட்டுக் கொடுத்தது சரியாகத்தான் இருக்கும் என்று அப்படியே விட்டுவிடுவார். நிறுவல் முடிந்துவிடும், எந்தப் பிழையும் காட்டாது, ஆனால் பிரவுசரில் திறந்தால் நூலகத்தின் பக்கம் வராது.

மூன்றாவது, முதல் நுழைவு. எல்லாம் முடிந்து, பிரவுசரில் கோஹா பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரையைக் காட்டுகிறது. இங்கே கேட்பது நம் பெயரை இல்லை. நிறுவும்போது மென்பொருள் தானே உருவாக்கிக்கொண்ட தரவுத்தளப் பயனர் பெயரையும், அதற்காக அதுவே வைத்துக்கொண்ட கடவுச்சொல்லையும் கேட்கிறது. அந்தக் கடவுச்சொல்லை வெளியே எடுத்துக் காட்ட ஒரு தனிக் கட்டளை இருக்கிறது. தெரிந்தால் அரை நிமிட வேலை. தெரியாவிட்டால், வாசல் வரை வந்து திரும்பிப் போக வேண்டியதுதான். ஒவ்வொரு நிறுவல் குறிப்பிலும், "இந்தக் கட்டளையைக் கொடுத்தால் கடவுச்சொல் கிடைக்கும்" என்று ஒரு வரி இருந்தால் எத்தனை பேர் உள்ளே வந்திருப்பார்கள்!

நான்காவது நம் மொழிக்கே உரியது. ஸீப்ரா தேடுபொறியின் இயல்பான சுட்டு (இன்டெக்ஸ்) முறை லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. கொம்பும் காலும் புள்ளியும் சேர்ந்து வரும் தமிழ்ச் சொற்களைச் சரியாகப் பிரித்துத் தேட, அதை ஐ.சி.யு. என்ற யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். புத்தகங்களைப் பதிவு செய்யத் தொடங்கும் முன்பே மாற்றிவிட்டால் வேலை எளிது. பதிவு எல்லாம் முடிந்த பிறகு, மாணவர் வந்து ஒரு தமிழ்த் தலைப்பைத் தேடி அது கிடைக்காதபோதுதான் குறை தெரியவரும் என்றால், எல்லாவற்றையும் மறுபடி சுட்டு அமைக்க வேண்டும். உலகத்துக்காக எழுதப்படும் பொதுவான ஆங்கிலக் குறிப்பில் இந்த எச்சரிக்கை முதல் பக்கத்தில் வருவதில்லை. தமிழ்நாட்டு நூலகருக்கு எழுதும் குறிப்பில் இதுதான் முதலில் வர வேண்டும். தமிழில் நிறுவல் குறிப்பு எழுதுகிறவர் நம் ஊரில் தடுக்கும் கல் எது என்று தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எளிமை என்பது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மென்பொருள்களின் தலையெழுத்தையே அது மாற்றியிருக்கிறது. 2003-ல் வேர்ட்பிரஸ் வந்தபோது வலைப்பூ மென்பொருள்கள் ஏற்கெனவே பல இருந்தன. ஐந்து நிமிடத்தில் நிறுவிவிடலாம் என்பதைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது வேர்ட்பிரஸ். வாடகை சர்வர் நிறுவனங்கள் அதை ஒரே பொத்தானில் கொடுத்தன. இன்று உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு அதில்தான் ஓடுகின்றன. இன்னோர் உதாரணம், முகவரிப் பட்டையில் நாம் பார்த்துப் பழகிய பூட்டு. அந்தப் பாதுகாப்புச் சான்றிதழை வாங்க ஒரு காலத்தில் பணம் கட்டி, விண்ணப்பக் கோப்பு உருவாக்கி, வந்த சான்றிதழைச் சரியான இடத்தில் வைத்து, காலாவதி தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறிய இணையதளங்கள் பல அதைச் செய்யவே இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவை 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தபோது சான்றிதழ் இலவசமானது. அதைவிட முக்கியமாக, வாங்குவதும் பொருத்துவதும் புதுப்பிப்பதும் தானியங்கியானது. நிபுணர் மட்டும் செய்த வேலையை ஒரு சிறு நிரல் செய்யத் தொடங்கியதும், சில ஆண்டுகளில் பூட்டு இல்லாத தளத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

ஆனால் எளிமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதுவது சரியாகாது. மாங்கோடிபி என்ற தரவுத்தளம் நிறுவ மிக எளிது என்று பெயர் பெற்றது. அதன் பழைய பதிப்புகள் சிலவற்றில், நிறுவியவர் தனியாகக் கவனித்து மாற்றாவிட்டால், கடவுச்சொல் இல்லாமலேயே வெளியுலகத்துக்குத் திறந்து கிடக்கும் நிலை இருந்தது. 2017 ஜனவரியில் இதைப் பயன்படுத்தி உலகெங்கும் பல்லாயிரம் தரவுத்தளங்களை அழித்துவிட்டு, திருப்பித் தரப் பணம் கேட்டு மிரட்டினார்கள். நிறுவியவர்கள் செய்தது ஒன்றுமில்லை. கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பின்னால் வந்த பதிப்புகளில் அந்த இயல்பு நிலை மாற்றப்பட்டது. சாதாரண மக்களுக்காக ஒன்றை எளிமையாக்குகிறவருக்குப் பொறுப்பு இரட்டிப்பு என்பதை இது சொல்கிறது. ஒன்றையும் மாற்றாமல் விட்டாலும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். கடவுச்சொல் வைக்காமல் அடுத்த திரைக்குப் போக முடியக் கூடாது. காப்புப் பிரதி எடுப்பதும் பாதுகாப்புத் திருத்தங்களை இறக்குவதும் கேட்காமலேயே நடக்க வேண்டும். இவையெல்லாம் இருந்தால்தான் அது எளிமை. இல்லையென்றால் ஆபத்தைச் சீக்கிரமாக வீட்டுக்குள் கொண்டுவந்ததாகத்தான் அர்த்தம்.

சரி, எவ்வளவு எளிமை போதும்? இதற்கு எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. நம் குமணன்சாவடி சந்திப்பில், குன்றத்தூர் சாலை பிரியும் இடத்தைச் சுற்றி, மெட்ரோ தூண்களுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கணினி பழுது பார்க்கும் சின்னக் கடைகள் இருக்கின்றன. நம் பள்ளிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் பட்டறைகளுக்கும் கணினித் துறை என்றால் இந்தக் கடைத் தம்பிகள்தான். ஹார்ட் டிஸ்க் மாற்றுவார்கள், விண்டோஸ் போட்டுத் தருவார்கள், பிரிண்டரை வைஃபையில் இணைப்பார்கள், சி.சி.டி.வி.க்கு கேபிள் இழுப்பார்கள். கைநேர்த்தி உள்ளவர்கள். பெரிய கம்பெனி இன்ஜினீயர் வராத இடத்துக்கு ராத்திரி எட்டு மணிக்கு வந்து நிற்பவர்கள்.

அவர்களில் ஒருவர், லினக்ஸில் தனிப் பயிற்சி இல்லாமல், ஒரு பள்ளிக்கு மாலையில் போய், கோஹாவையோ, பாடம் நடத்த உதவும் மூடுலையோ, கோப்புகளைப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுடையோ நிறுவி, வேலை செய்வதைக் காட்டி, கடவுச்சொல்லை உறையில் போட்டுத் தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியுமா? முடியும் என்றால் அந்த மென்பொருள் எளிமையாகிவிட்டது. முடியாது என்றால் இன்னும் வேலை இருக்கிறது. எல்லா நூலகரும் எல்லா ஆசிரியரும் சர்வர் நிர்வாகி ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் நம்பிக் கூப்பிடும் ஆள் பக்கத்துத் தெருவில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அந்தத் தம்பிக்கும் இதில் பிழைப்பு உண்டு. மென்பொருள் இலவசம், அவருடைய உழைப்புக்கும் பராமரிப்புக்கும் கூலி உண்டு. வெளியூர் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் போகும் உரிமக் கட்டணத்தில் ஒரு பகுதி நம் தெருவிலேயே தங்கும். அம்பத்தூர்ப் பட்டறைகள் பலவற்றுக்குத் தேவைப்படும் இருப்புக் கணக்கும் ஜி.எஸ்.டி. பில்லும் போட, மும்பையில் பிறந்த இ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. அதைத் தங்கள் வசதிக்கு அமைத்துக் கொடுக்க உள்ளூர் ஆள் இல்லாததால்தான் பல பட்டறைகள் இன்னும் நோட்டுப் புத்தகத்தில் நிற்கின்றன.

நம் நாட்டில் இதற்கான முயற்சிகள் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. சென்னைக்கு இதில் நெடிய வரலாறு உண்டு. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-லேயே தொடங்கிவிட்டது. 2005-ல் மத்திய அரசு அமைத்த கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தியவை சென்னை சி-டாக்கும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும். அந்த முயற்சியில் டெபியனை அடித்தளமாக வைத்து 2007-ல் வெளிவந்ததுதான் பாஸ் லினக்ஸ். மின்னஞ்சல், கோப்புப் பகிர்வு, தரவுத்தளம், வெப் சர்வர் எல்லாவற்றையும் திரையில் சொடுக்கியே நிர்வகிக்கும் கருவிகளோடு அதற்கு ஒரு சர்வர் பதிப்பும் வந்தது. தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்குப் போனது. லினக்ஸ் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுக்கத்தான் போதிய ஆள் இல்லை.

அந்தக் குறையைத் தன்னார்வலர்கள் நிரப்பி வருகிறார்கள். 2012 ஜனவரியிலிருந்து கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறது; எளிய தமிழில் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் என்று மின்னூல்களையும் இலவசமாகத் தந்திருக்கிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இணையவழியில் கூடிப் பேசுகிறது. சந்தேகம் கேட்க யாரும் சேரலாம். விழுப்புரம் குழு கிராமப்புற மாணவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் சிறு சிறு பாடங்களாகக் காட்சியும் குரலுமாகக் கற்றுத் தருகிறது. தமிழ்க் குரலிலும் பாடங்கள் உண்டு. டெபியனின் நிறுவல் திரையே தமிழில் வரும் என்பது பலருக்குத் தெரியாது. பழைய எழுத்துத் திரையில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்ட முடியவில்லை. 2007-ல் வரைகலை நிறுவல் திரை வந்த பிறகுதான் அது கைகூடியது. கடல் தாண்டி, 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டத்தைப் பாருங்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அழிவிலிருந்து காத்து இணையத்தில் ஏற்றிய அந்த மாபெரும் களஞ்சியம், விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி என்ற கட்டற்ற சர்வர் மென்பொருளில் நிற்கிறது. நிறுவி நடத்தத் தெரிந்த சிலர் இருந்ததால் ஒரு சமூகத்தின் நினைவு காப்பாற்றப்பட்டது. நிறுவலின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

"இவ்வளவு சிரமம் எதற்கு? மாதக் கட்டணம் கட்டினால் எல்லாம் கிளவுடில் கிடைக்கிறதே" என்று சில வாசகர்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. நம் வீட்டு பிராட்பேண்டு இணைப்புகள் பலவற்றில் நிலையான முகவரி கிடைப்பதில்லை. ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட இணைப்பில் இருக்கும் சர்வரை வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாது. ஊருக்கெல்லாம் சேவை கொடுக்க வேண்டுமானால் வாடகை சர்வர்தான் நல்லது. அதிலும் கட்டற்ற மென்பொருளையே போடலாம். ஆனால் நிறுவி முடித்த பிறகு, பள்ளி நூலகத்தின் அன்றாட வேலைக்கு இணையம் தேவையில்லை. ஒரு கணினி சர்வராகவும், அதே கட்டடத்தில் இன்னும் இரண்டு மூன்று கணினிகளும், நடுவே ஒரு ரவுட்டரும், மின்வெட்டுக்கு ஒரு யு.பி.எஸ்.ஸும் போதும். கட்டணம் கட்டும் சேவையில், கட்டுவதை நிறுத்தினால் பட்டியலும் போய்விடும் அபாயம் உண்டு. மாணவர்களின் பெயரும் வகுப்பும் முகவரியும் யாரோ ஒருவரின் கணினியில் இருக்கின்றன. சொந்த சர்வரில் தரவு நம் பீரோவில் இருக்கிறது. காப்புப் பிரதி எடுத்துவைக்கும் பொறுப்பும் நம்முடையதாகிறது. இரண்டையும் எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மக்களுக்கு வேண்டும். நிறுவவே முடியாது என்ற நிலையில் தேர்வு என்பதே இல்லை.

நூலகம் பற்றிப் பேசும்போது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியாது. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அந்தக் கணித ஆசிரியர், 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தைப் பற்றியது. அதை வீணாக்கக் கூடாது என்பது அவர் நூலகத்துக்கு வைத்த கடமை. புத்தகம் அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது, தேடி வந்தவர் கைக்குத் தாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். மென்பொருள் எழுதுகிறவர்களும் அதற்குக் குறிப்பு எழுதுகிறவர்களும் இந்த ஒரு விதியை எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவ வருகிறவரின் நேரம் உங்கள் நேரத்தைப் போலவே விலை உள்ளது.

எனவே அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரு பக்கத்தை நிறுவல் குறிப்புகளுக்கு ஒதுக்குகிறோம். அதை நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள்தான். நம் மேற்குப் புறநகரில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அங்கே படிக்கும் மாணவர்களே, எக்ஸாம்ப் என்ற சர்வர் தொகுப்பைப் போட்டு லேபில் புராஜெக்ட் ஓடவிட்ட கை உங்களுடையது. அடுத்த படியாக, ஒரு மெய்யான நூலகத்துக்கு, மெய்யான சர்வரில் ஒன்றை நிறுவிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, செய்ததை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

எழுதும்போது சிலவற்றை மறக்க வேண்டாம். எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் செய்து பார்த்தது என்பதை முதல் வரியில் போடுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் அது என்ன செய்யும் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். கொடுத்த பிறகு திரையில் என்ன வர வேண்டும் என்று இன்னொரு வாக்கியம். வரவில்லையென்றால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். எந்த இடத்தில் நம் பெயரை மாற்றிப் போட வேண்டும் என்பதைத் தெளிவாகக் குறியுங்கள். தமிழுக்கென்று செய்ய வேண்டிய அமைப்பு ஏதும் இருந்தால் அதை முன்னால் வையுங்கள். காப்புப் பிரதி எடுக்கும் முறையும், எடுத்ததைத் திரும்பப் போடும் முறையும் இல்லாத குறிப்பை நாங்கள் அச்சிட மாட்டோம். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு குறிப்பையும், இதற்கு முன் சர்வரைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, நாங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தடுக்கும் இடத்தையெல்லாம் திருத்துவோம்.

நிறுவ முயன்று தோற்றவர்களும் எழுதுங்கள். எந்த வரியில் நின்றது, கணினி என்ன சொன்னது என்று எழுதுங்கள்; முடிந்தால் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். தோற்றவரின் கடிதம் இல்லாமல் நல்ல குறிப்பு எழுத முடியாது என்பதை நம் நூலகர் இந்த மாதம் காட்டிவிட்டார். நாம் கண்டுபிடிக்கும் தடங்கல்களை அந்தந்த மென்பொருளை எழுதும் குழுக்களுக்கும் எழுதி அனுப்புவோம். குறை சொல்பவரையும் பங்களிப்பாளராகவே கட்டற்ற மென்பொருள் உலகம் ஏற்றுக்கொள்கிறது.

நம் நூலகரின் பள்ளியில் வரும் வாரத்தில் நம் குழுவின் லினக்ஸ் தம்பியும் அவருமாக உட்கார்ந்து மறுபடி தொடங்கப் போகிறார்கள். இந்த முறை கட்டளைகளைத் தட்டச்சு செய்யப் போவது நூலகர்தான். தம்பி பக்கத்தில் இருப்பார். அதைப் பற்றி அவர்கள் எழுதும் குறிப்பே அடுத்த இதழில் முதலாவதாக வரும்.

மென்பொருளை எழுதியவர்கள் தங்கள் பங்கைச் செய்து முடித்து, பல ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் கொடுத்துவிட்டார்கள். அதை நம் ஊர்ப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் பட்டறைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் பங்கு. உங்கள் குறிப்புகளை எதிர்பார்க்கிறோம். எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்
குமணன்சாவடி